குருசடைத் தீவு: கல்வெட்டில்லாத ஒரு வரலாற்றுக் களம்

தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் விரைவிலேயே சந்திக்கும் பெயர் எஃப். எச். கிரேவ்லி. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1920 முதல் 1940 வரை பணியாற்றியவர். டி. என். இராமச்சந்திரனோடு இணைந்து அவர் 1932-இல் வெளியிட்ட திருமேனிகள் பட்டியல் இன்றும் ஆய்வாளர் மேசைகளில் இருக்கிறது. சிற்ப நூல்கள் கூறும் மூவகைக் கோயிற்கட்டட மரபுகள் பற்றி இருவரும் எழுதிய கட்டுரையும் அப்படியே. காஞ்சியின் கோயில்களைச் சுற்றிச் சுற்றியே வாழ்நாளைக் கழிக்கும் எங்களைப் போன்றோருக்கு அவர் நெடுநாள் அறிமுகமானவர் என்றால் மிகையாகாது.

ஆனால் கிரேவ்லி பயிற்சியால் ஒரு விலங்கியலாளர். திருமேனிகளின் பட்டியல் வெளிவருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1927-இல், மற்றொரு பட்டியலை அவர் பதிப்பித்திருந்தார். மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய அருங்காட்சியக வெளியீடு அது. கடற்பஞ்சு, பவளம், புழு, நண்டு, சிப்பி என ஒவ்வொரு வகையையும் அத்துறை அறிந்தவர் எழுத, அவர் தொகுத்தார். கையின் அமைதி, ஆடையின் மடிப்பு, பீடத்தின் வடிவம் என்று திருமேனிகளை அளந்து பிரித்த அதே கண்தான் பவளத்தின் நுண்ணறைகளையும் எண்ணியது. இந்தச் செய்தியே எங்களைக் காஞ்சியிலிருந்து பாம்பனுக்கு இழுத்துச் சென்றது.

ஒரு தீவில் வரலாறு படிக்க என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கே கல்வெட்டு இல்லை, கட்டுமானக் கோயிலும் இல்லை. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர் எதையெதை எடுத்தனர், எதையெதைப் பதிவு செய்தனர், யாரைப் பதிவு செய்யாமல் விட்டனர் என்பதை ஒரே இடத்தில் நின்று எண்ணிப் பார்க்க அதைவிடப் பொருத்தமான களம் தமிழகத்தில் அரிது.

காஞ்சியும் கடல்முத்தும்

மன்னார் வளைகுடாவுக்கும் காஞ்சிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சீனத்தின் ஹான் மரபு வரலாற்று நூல், பேரரசர் வூ (கி.மு. 141-87) காலந்தொட்டு ஹுவாங்-சி என்னும் நாட்டோடு இருந்த தொடர்பைக் குறிப்பிடுகிறது. சீனத் தூதர்கள் பொன்னும் பட்டும் கொண்டுசென்று, ஒளிமிக்க முத்துகளையும் மணிகளையும் அரிய கற்களையும் வாங்கி வந்தனர் என்கிறது. இந்த ஹுவாங்-சி காஞ்சியே என்று அறிஞர் பலர் கருதுவர். மாற்றுக் கருத்துடையோரும் உளர். முன்னவர் கூற்றை ஏற்றால் ஓர் உண்மை தானே விளங்கும். பாலாற்றங்கரையில் முத்து விளைவதில்லை. காஞ்சியில் கைமாறிய முத்து தென்கடலிலிருந்து வந்திருத்தல் வேண்டும்.

அக்கடலின் முத்தைப் பற்றிய சான்றுகளுக்குக் குறைவில்லை. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் பாண்டிய நாட்டு முத்தையும் தாமிரபரணி முத்தையும் தனித்தனியே பெயர் சுட்டுகிறது. கொற்கை முத்தின் புகழை மதுரைக்காஞ்சி பேசுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளுஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்ற கசப்பான செய்தியைத் தருகிறது. காஞ்சியின் பக்கம் நோக்கினால், தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தை வருணிக்கிறது. பாலாறு கடலோடு கலக்குமிடத்திற்கருகே வசவசமுத்திரத்தில் நடந்த அகழாய்வில் உரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பட்டு போன வழியிலேயே முத்தும் போயிற்று எனலாம்.

எங்கள் குழுவில் ஐவர். தமிழ் பயிற்றுவிப்போர் இருவர், விலங்கியல் பயிற்றுவிப்பவர் ஒருவர், ஓய்வுபெற்ற அஞ்சல்துறை நண்பர் ஒருவர், பட்டுச்சேலைகளுக்கு ஜக்கார்டு அட்டைப் படம் எழுதும் நண்பர் ஒருவர். ஐந்தாமவர்தான் வழியில் ஒன்றை நினைவூட்டினார். காஞ்சிப்பட்டின் பழைய கட்டங்களுள் ஒன்றின் பெயர் முத்துக்கட்டம். கடலை ஒருபோதும் பார்த்திராத நெசவாளியும் தறியிலமர்ந்து முத்துக்கட்டம் போடுகிறான். கடலோடு உறவு அற்றுப்போன பின்னரும் சொல் மட்டும் நூலில் தங்கிவிட்டது.

பெயரில் புதைந்த வரலாறு

செங்கல்பட்டில் இரயிலேறி, 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தைக் கடந்து, குந்துகாலை அடைந்தோம். இலங்கையிலிருந்து திரும்பிய விவேகானந்தரை 1897 ஜனவரி 26 அன்று பாஸ்கர சேதுபதி மன்னர் வரவேற்றது இப்பகுதியில்தான். அதன் நினைவாக இங்கே ஒரு மண்டபம் உள்ளது. எதிரே, கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அண்மையில், பச்சைக் கோடாகக் கிடக்கிறது குருசடை.

இப்பெயரைச் சற்றே உற்று நோக்குதல் தகும். சிலுவையைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் தமிழில் 'குருசு' ஆயிற்று. சிலுவை நாட்டி வழிபடும் சிற்றிடத்தைக் 'குருசடி' என்பது தமிழகக் கத்தோலிக்கரிடையே இன்றும் வழங்கும் வழக்கு. குருசடியே குருசடையாகத் திரிந்தது என்று கருத இடமுண்டு. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றதும், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்ததும், 1549-இல் அந்தோனியோ கிரிமினாலி என்னும் சேசு சபைத் துறவி மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் கொல்லப்பட்டதும் வரலாறு. முத்துக்காக நடந்த போட்டியில் அரசும் சமயமும் வணிகமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. தீவின் பெயர் அப்பின்னலில் எஞ்சிய ஓர் இழையாகலாம்.

பின்னர் வந்தோர் அளவுகோலும் குறிப்பேடும் கொண்டு வந்தனர். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் எழுதிய எட்கர் தர்ஸ்டனை வாசகர்கள் அறிவர். அவரே 1890-களில் இராமேசுவரத் தீவையும் மன்னார் வளைகுடா உயிர்களையும் பற்றி எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் சங்குத் தொழிலை ஆராய்ந்து 1914-இல் நூல் வெளியிட்டார். இங்கே எடுக்கப்பட்ட சங்குகள் வங்காளம் சென்று வளையல்களாக அறுக்கப்பட்ட கதையை அதில் காணலாம். குருசடையில் சென்னை மாகாண மீன்துறையின் கடலுயிரியல் நிலையம் இயங்கியது. முத்துச்சிப்பி வளர்ப்பு ஆய்வுகளும் நடந்தன. இவ்வரிசையில்தான் கிரேவ்லியின் 1927-ஆம் ஆண்டு வெளியீடு அமைகிறது.

தீவில் கண்டவை

வனத்துறையின் அனுமதியோடு படகேறினோம். கரையிறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அடும்பு. நெய்தல் திணைப் பாடல்களில் தலைவனின் தேர்ச்சக்கரம் அறுத்துச் செல்லும் அதே கொடி, குதிரைக் குளம்பு போன்ற பிளவுபட்ட இலைகளோடு மணலைக் கட்டிப் பிடித்திருந்தது. வகுப்பறையில் ஆண்டுதோறும் உரை கூறிப் பழகிய செடியின் வேலை என்ன என்பதை அங்கேதான் கண்ணாரக் கண்டோம். அது இல்லையேல் மணல் காற்றோடு போய்விடும். சற்றுத் தள்ளிச் சேற்றுப் பகுதியில் அலையாத்தி மரங்கள், மூச்சு வாங்கும் வேர்களை மேல்நோக்கி நீட்டியிருந்தன.

நீர் வற்றியிருந்த நேரம். முழங்காலளவு ஆழத்தில் பவளப்பாறைகள் தெரிந்தன. மூளையின் மடிப்பு போலச் சில, மான்கொம்பு போலச் சில. பாறைகள் என்று சொன்னாலும் அவை உயிர்களின் கூட்டு. நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய குடியிருப்பு. இங்குள்ள மணலின் பெரும்பங்கும் உடைந்த பவளமும் சிப்பியுமே. தீவைக் கட்டியதும் காப்பதும் அதன் விளிம்பிலிருக்கும் உயிர்களே. வெளித்தெரியும் தீவு, நீருக்கடியில் நடக்கும் பெரும்பணியின் மேற்கூரை போன்றது.

விலங்கியல் நண்பர் மணலில் சுருள்சுருளாகக் கிடந்த கழிவுக் குவியல்களைச் சுட்டிக்காட்டினார். மணலுக்குள் வாழும் பலனோகிளாஸஸ் இனத்துப் புழுவின் அடையாளம் என்றார். முதுகெலும்புள்ள உயிர்களுக்கும் அஃது இல்லா உயிர்களுக்கும் இடைப்பட்ட உறவை விளக்க, தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர் படித்துவரும் உயிர் இது. குருசடைக்குப் பாடநூற் புகழ் வந்தது இதனால்தான். "எங்கள் ஆய்வகத்துக் கண்ணாடிச் சீசாவில் இருப்பதும் இந்தக் கரையிலிருந்து போனதுதான்" என்றார். தோண்டிக் காட்டுங்கள் என்று எவரும் கேட்கவில்லை, அவரும் முனையவில்லை. ஒருகாலத்தில் கல்லூரிகள் கூட்டமாக வந்து அள்ளிச் சென்ற கரையில், இன்று ஒரு சிப்பியைக்கூட எடுத்துச் செல்லக் கூடாது. அதுவே முறை.

மைப்படியும் பவளமும்

கல்வெட்டாய்வாளர்க்கு மைப்படியின் அருமை தெரியும். கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி, மை பூசி, எழுத்தை அப்படியே எடுத்து வைத்துவிட்டால், பின்னாளில் கல் சிதைந்தாலும் செய்தி பிழைக்கும். எங்கள் ஊரிலேயே சான்று உண்டு. வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வரலாற்றைச் சொல்லும் சிற்பத் தொகுதியை முனைவர் சி. மீனாட்சி ஒவ்வொன்றாக விவரித்தார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1941-இல் வெளிவந்தது. மணற்கல் தேய்ந்து முகங்கள் மங்கிவிட்ட பலகைகளின் முன் நிற்கும்போது, அந்நூலே நமக்குக் கண்ணாகிறது.

கிரேவ்லியின் 1927 பட்டியலும் ஒருவகையில் மைப்படியே. இன்ன ஆண்டில் இக்கரையில் இன்னின்ன உயிர்கள் இருந்தன என்பதற்கு அது சான்று. இன்றைய இழப்பை அளக்க வேண்டுமாயின் அன்றைய இருப்பு தெரிய வேண்டும். அவ்விருப்பைச் சொல்லும் பழைய ஆவணங்களுள் அது முதன்மையானது.

இழப்போ சிறிதன்று. தூத்துக்குடி முதல் பாம்பன் வரை இருபத்தொரு தீவுகள் என்று பழைய கணக்கு சொல்கிறது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆலைகளுக்கும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்ததே பெருங்காரணம். வேலியைப் பிடுங்கியபின் வயல் என்னாகும்? 1986-இல் 560 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-இல் பவளங்கள் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆயினும் வெட்டியெடுத்தல் ஓய 2005 அளவாயிற்று. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு 1986-இல் 16 ஹெக்டேர் இருந்தது. முப்பதாண்டுக்குள் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிற்று. அதைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி வருகின்றனர்.

வெட்டுவோர் கை ஓய்ந்தபின் வெப்பம் கைநீட்டியது. கோடையில் கடல்நீர் அளவுமீறிச் சூடேறும்போது, பவளத்துக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசி அதைவிட்டு நீங்கிவிடும். பவளம் வெளிறும், சூடு நீடித்தால் மடியும். 2010-லும் 2016-லும் அது நடந்தது. 2016-இல் மட்டும் மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது. குருசடைக்கு இன்னொரு துன்பமும் சேர்ந்தது. மண்டபம் கடலில் தொழிலுக்காக வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் என்னும் அயற்பாசி, இத்தீவின் பவளங்களின் மேல் படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தனர்.

இவ்விடத்தில்தான் எங்கள் ஒப்புமை நின்றுவிடுகிறது. ஜக்கார்டு நண்பர் அதை எளிமையாகச் சொன்னார்: "சேலை நைந்து போனாலும் அட்டை இருந்தால் மறுபடி நெய்துவிடுவேன். இதற்கு அட்டை எங்கே இருக்கிறது?" கல்வெட்டு அழிந்தால் மைப்படியில் அதன் செய்தி வாழும், நமக்கு வேண்டியதும் பெரும்பாலும் அச்செய்திதான். பவளத்தின் பெயர்ப் பட்டியலோ பவளமாகிவிடாது. அலையைத் தடுக்காது, மீனுக்கு வீடாகாது, தீவைத் தாங்காது. உடைந்த கிளைகளை ஒட்டவைத்து வளர்க்கும் பணி நடக்கிறது என்பது உண்மையே. அது நெடுங்காலப் பணி. கடல் குளிர்ந்தாலன்றி நிலைக்காது. ஆகவே பதிவு செய்துவிட்டோம் என்ற மனநிறைவு வரலாற்றாளனுக்கு இங்கே போதாது. மூலமே எஞ்ச வேண்டும்.

பட்டியலில் இல்லாதவர்கள்

தர்ஸ்டன், ஹார்னெல், கிரேவ்லி. இப்பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்று சிப்பியையும் சங்கையும் எடுத்துக் கொடுத்தவர் பெயர்கள் கிடைப்பதில்லை. கொற்கையில் குளித்த கைதிகள் முதல், சலாபக் காலத்தில் சுறாவைக் கட்ட மந்திரம் ஓதிய கடல்கட்டி வரை, தொழிலின் பெயரும் குலத்தின் பெயரும் எஞ்சின, மனிதர் மறைந்தனர். தூத்துக்குடிக் கடலில் இறுதி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அத்தொழிலை நேரில் கண்டவர் இன்று மிகச் சிலரே எஞ்சியிருப்பர்.

அந்த மௌனம் இன்றும் தொடரலாகாது. குந்துகாலுக்கு அருகிலேயே உள்ளது சின்னப்பாலம். அவ்வூரிலும் அண்டையூர்களிலும் உள்ள பெண்கள், தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றி முழுகிக் கடற்பாசி சேகரித்து வந்தவர்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் ஆகின்றன. நம் கல்லூரி ஆய்வகங்களில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டுகளில் ஊற்றப்படும் அதே பொருள். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் தரும் அல்ஜினேட், துணியில் அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்தவும் உதவுகிறது. தீவுகள் தேசியப் பூங்காவானபோது, இப்பெண்கள் தொழில் செய்த கடல் அவர்களுக்கு விலக்கப்பட்ட இடமாயிற்று. அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அப்பெண்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். தீவுகளின் சூழல் காப்போருக்கு அளிக்கப்படும் பன்னாட்டு விருதான சீகாலஜி விருதை 2015-இல் பெற்றார். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, உலோகக் கருவிகளைத் தவிர்ப்பது எனத் தமக்குத்தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்கள் இப்பெண்கள்.

காப்பகம் வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. இரண்டு தீவுகள் மூழ்கியபின் ஐயுற இடமேது? ஆனால் பவளத்தை வெட்டி ஏற்றிச் சென்ற படகையும், கையால் பாசி பறித்த பெண்ணையும் ஒரே சட்டத்தின் ஒரே வரியில் நிறுத்துவது நீதியாகாது. கோயிலைக் காப்பது என்றால் கருங்கல்லைப் பூட்டி வைப்பது என்று பொருளில்லை. விளக்கேற்றுவோனும் மாலை தொடுப்போனும் உள்ளே வரவேண்டும். எவ்வளவு எடுக்கலாம், எப்போது எடுக்கலாகாது என்பதைக் கடலோடு வாழ்வோரையும் அமர்த்திப் பேசி வகுத்தலே நிலைக்கும் காவல்.

தமிழ் படித்தோர்க்கும் இதில் ஒரு பணி காத்திருக்கிறது. 1927-ஆம் ஆண்டு வெளியீட்டிலுள்ள இலத்தீன் பெயர்களுக்கு நேரே, பாம்பன் முதல் கீழக்கரை வரையுள்ள கடற்குடிகள் வழங்கும் தமிழ்ப் பெயர்களை எழுத வேண்டும். கடற்பசுவை அவர்கள் ஆவுளியா என்கின்றனர். கடலடித் திட்டைப் பார் என்கின்றனர். தூத்துக்குடிக் கடலில் தொல்லாயிரம் பார் என்றே ஒன்றுண்டு. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஆழம், பருவம், நீரோட்டம் பற்றிய அறிவு இருக்கிறது. எங்கள் குழு இப்பணியைச் சிறிய அளவில் தொடங்கியுள்ளது. முதற்கட்டமாகப் பாசிகளின் பெயர்களை, சொன்னவர் விரும்பினால் அவர் பெயரோடும் ஊரோடும், குறித்து வருகிறோம்.

அப்பகுதியைச் சேர்ந்த வாசகர்களும் தத்தம் ஊரில் வழங்கும் பெயர்களை எழுதியனுப்பினால் மகிழ்வோம். தீவுக்குச் செல்ல விரும்புவோர் கடலின் நிலையையும் அனுமதியையும் வனத்துறையிடம் முன்னரே கேட்டறிந்து செல்க. நீர் வற்றும் நேரத்தைப் படகோட்டியிடம் கேளுங்கள். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். அப்படியே அவர் அறிந்த பெயர்களையும் கேட்டு, மறவாமல் எழுதிக்கொள்ளுங்கள்.